மாரிலாக்

கம்பத்துத் திராட்சை மண்டியிலிருந்து போன் வந்தால், தேனி அலுவலகத்தில் மாரீஸ்வரிதான் எடுப்பாள். மண்டியின் எடை பில் மென்பொருளை எழுதியவள் அவள். ஒவ்வொரு எடையையும் பிழையையும் குறித்துவைக்கும் லாக் ஃபைல் எங்கே சேர வேண்டும் என்பதையும் நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தாள்: டி டிரைவ், 'மாரிலாக்' ஃபோல்டர். இடத்தை மாற்ற வேண்டுமானால், இணையம் வழியே தேனியிலிருந்தே முடியும் என்றாலும், நிரலைத் திருத்திக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறுவாள். திரும்பும்போது மண்டிக்காரர் சுருளிராஜன் ஒரு பை பன்னீர் திராட்சை தருவார்.

அந்தப் பையில்தான் பிரின்சி கைவைத்தாள். போடி கடைவீதிப் பெண். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். லாக் போகும் இடத்தை நிரலிலிருந்து பிரித்து, நிரலுக்கு வெளியே கணினியின் அமைப்புகளில் பெயரிட்டுக் குறித்துவைக்கும் மதிப்பான என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தாள். இனி நிரலைத் தொடாமலே மதிப்பை மாற்றி, மென்பொருளை மூடித் திறந்தால் போதும். டி டிரைவ் நிரம்பிவந்தபோது, போனிலேயே சொல்லிக்கொடுத்து, சுருளிராஜன் கையாலேயே லாக்கை வேறு டிரைவுக்கு மாற்றவைத்தாள்.

அடுத்த முறை அழைத்தவர், "யாரு, மாரியா? நல்லாருக்கியா தாயி? அந்தப் போடிப் புள்ளைட்ட குடு" என்றார்.

மாரீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. பிரின்சி சாப்பிடப் போன நேரம் பார்த்து, தேனியிலிருந்தே கம்பத்துக் கணினிக்குள் நுழைந்து, அந்த வேரியபிளை அழித்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தாள். பில் நிற்கும், போன் அலறும், தான் பஸ் ஏறலாம் என்று கணக்குப் போட்டாள்.

போன் அலறவில்லை, பில் அதுபாட்டுக்கு ஓடியது. லாக்கைத் தேடித் திறந்தாள். முதல் வரியிலேயே இருந்தது: 'இடம் குறிப்பிடப்படவில்லை. வழக்கமான இடம்: டி டிரைவ், மாரிலாக்.'

வேரியபிள் இல்லாவிட்டால் லாக் போய்ச் சேரும் இடமாகப் பிரின்சி, மாரீஸ்வரியின் பெயரிலிருந்த பழைய ஃபோல்டரையே விட்டுவைத்திருந்தாள். ஆனால் அந்த டிரைவில் சொற்ப இடமே மிச்சம். அப்படியே விட்டால், மாலை லோடு ஏறும் நேரத்தில் நிரம்பி, பில் நின்றே போகும். அவள் வேண்டியதும் அதுதான். ஆனால் எடைக்காக வரிசையில் காத்திருக்கும் திராட்சைப் பெட்டிகளும் தோட்டத்துச் சம்சாரிகளும் கண்ணில் நின்றார்கள். திரும்ப எழுதலாமென்றால், அழித்த மதிப்பை அவள் குறித்துவைக்கவில்லை.

பிரின்சி கை கழுவிவிட்டு வந்தாள்.

"கம்பத்துல லாக்குக்கு எந்த இடம் குடுத்தே?"

"ஏங்க்கா, எதுவும் போயிருச்சா?"

"போகலை. சொல்லு."

பிரின்சி சொல்லச்சொல்ல மாரீஸ்வரி தட்டினாள். "பழைய பேரை ஏன் விட்டு வச்சே?"

"மண்டி அண்ணாச்சிதான் சொன்னாக, 'மாரி பேரை எடுத்துறாத, ராசியான பேரு'ன்னு. எனக்குத்தான் ஒரு ராசியும் இல்ல. ஒங்களுக்குப் பை பையாத் திராட்சை குடுப்பாகளாமே? எனக்கு வெறும் தேங்க்ஸ்தான்!"

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மென்பொருளை மூடித் திறந்தாள். லாக் பிரின்சி சொன்ன இடத்துக்குத் திரும்பியது.

போன் அடித்தது. கம்பம்தான். மாரீஸ்வரி எடுத்தாள், அவர் கேட்கும் முன்பே பிரின்சியிடம் நீட்டினாள். வயிறு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.