கல் நட மறுத்த ஸ்டெல்லா அக்கா

செய்யூரில் ஒரு சவுக்குத் தோப்பை அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நெம்மேலி அருகே லாரி மோதி ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நில அளவைக் குழுவில் அவரோடு வெயிலில் அலைந்த உங்களிடம் அவரைப் புகழ வேண்டியதில்லை. அவருக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

போன கோடையில் சூரியனில் பெரிய வெடிப்பு என்று செய்தி வந்தது. வெடிப்பின் ஒளி சில நிமிடங்களில் வந்துவிடும். கூடவே கிளம்பும் மின்துகள் மேகம் வந்துசேர ஓரிரு நாளாகலாம். அது பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கினால் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும், ஜிபிஎஸ் அளவு பிசகும். அதனால் அக்கா வேலையை நிறுத்தச் சொன்னார். அந்த மேகமோ பூமியைத் தொடாமல் விலகிப் போய்விட்டது.

“இன்னா சூரியம்மா, இன்னிக்குக் குளிக்கலாமா, அதுவும் கூடாதா?” என்று காண்ட்ராக்டர் கிண்டலடித்தார்.

அக்காவும் சிரித்தார். “எல்லா வெடிப்பும் நம்ம பக்கம் வராது அண்ணாத்த. கிட்ட வந்தாத்தான் தெரியும்.”

அந்தச் சிரிப்பு அடுத்த முறை அவருக்கே வினையானது; அவர் எச்சரித்ததை யாரும் நம்பவில்லை. கருங்குழி பக்கம், தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்களின் வீட்டுமனைகளை அளந்தோம். முந்தின நாள்தான் இன்னொரு வெடிப்பு.

“அது நேத்தே முடிஞ்சிபோச்சு. இன்னும் இன்னா பேஜாரு?” என்றார் காண்ட்ராக்டர்.

“நேத்து வந்தது வெளிச்சம். மேகம் இன்னும் வந்துகினு கீது.”

மறுநாள் ஒரே மூலைக்குக் கருவி இரண்டு இடம் காட்டியது. அக்கா அதை மடக்கி வைத்தார். “எது சரின்னு எனக்குத் தெரியல. தெரியாம எல்லைக் கல் நட மாட்டேன்.”

காண்ட்ராக்டர் வேறு ஆளை வைத்து நட்டார். அந்த மனைக்காரர்களில் ஒருவரான எல்லம்மாவின் சமையலறை பக்கத்துப் பண்ணைக்காரரின் நிலமாகிவிட்டது. காந்தப்புலம் அடங்கிய பிறகு, தன் விடுமுறை நாளில் அக்கா மீண்டும் அளந்தார். கல் தப்பு. “நட்டது நட்டதுதான்” என்றார்கள். அவரை வேலையை விட்டும் அனுப்பினார்கள். அதே கல் பண்ணைக்காரர் நிலத்துக்குள் போயிருந்தால் அன்று மாலையே பிடுங்கியிருப்பார்கள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் எல்லம்மாவோடு நில அளவை அலுவலகம் போனேன். “அளந்த அம்மாவே போயிட்டாங்க, இன்னும் இன்னா?” என்றார் அங்கிருந்தவர்.

“நான் சாவலியே சார். நான் எங்க சோறு ஆக்கறது?” என்றார் எல்லம்மா.

ஸ்டெல்லா அக்காவின் அந்த இரண்டாவது அளவு இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.