மேகம் வரைந்தவள்மேல் ஒரு பொறாமை

விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றுக்கு, விமானம் பறக்கும் விதத்தைக் கணக்கிட்டு நிரல் எழுதியவர் அவர். பதினொரு வருட உழைப்பு. எதிர்க்காற்றில் இறக்கை எப்படி நடுங்கும் என்பதுவரை அதில் இருந்தது. அலுவலகத்தில் அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். விளையாட வந்தவர்களோ சில நூறு பேர்தான்.

போன வருடம் ஓவியம் படித்த ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். மேகங்களையும் முன்கண்ணாடியில் வழியும் மழையையும் வரைந்தாள். ஆறே மாதத்தில் ஆட்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். கேப்டனுக்கு வயிறு எரிந்தது.

கண்காட்சி ஒன்றில் வருகிறவர்கள் ஓட்டிப்பார்க்க அந்த விளையாட்டை வைத்திருந்தார்கள். ஒருநாள், அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, காட்சித் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவைத்தார். மேகங்கள் வெறும் சாம்பல் கட்டிகளாயின. அடுத்து விளையாட உட்கார்ந்த ஓர் அம்மா ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டார். "இது பழைய கேமா தம்பி?" அவருக்குப் பின்னால் நின்ற வரிசையும் கலைந்தது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள். "யாருண்ணே இதைக் குறைச்சது?"

"நான்தான்," என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் விமானத்துக்காக ஒருத்தராவது உட்கார்றாங்களான்னு பார்த்தேன்."

அவள் திட்டவில்லை. தரத்தை உயர்த்திவிட்டு, "நீங்களே ஓட்டுங்கண்ணே. நல்லா ஓட்டுறதைப் பார்த்தா ஆளு வரும்," என்றாள்.

ஓட்டினார். மேகத்தைத் தாண்டியதும் மாலை வெயில் கடல்மேல் விரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் உயரமானியைக் கவனிக்க மறந்தார். விமானம் கடலில் விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அடுத்து உட்கார முண்டியடித்தார்கள். அவர் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள்.