அண்ணன் கடலில் இருந்தபோது நடந்த லத்தீன் பரீட்சை

உலகச் சண்டைக் காலம். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணியில் என் அண்ணன் இருந்தான். திரும்ப வேண்டிய நாள் கடந்து ஒன்பது நாளாகிவிட்டது. எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருக்கிற ஆளைக் கரையிலிருந்து பெருமையாகப் பேசக்கூடாது. பலசாலி, கெட்டிக்காரன் என்று வாய்விட்டுச் சொன்னால் காற்றுக்குக் கேட்டுவிடும். சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடும். அண்ணன் மனைவி, என் மதினி, அவனைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாதிரியாராகப் படிக்கிற குருமடத்தில் சேர எனக்கு லத்தீன் பரீட்சை வந்தது. வயது இருபத்து மூன்று. இதை விட்டால் அப்புறம் சேர்க்க மாட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற எனக்கு அட்டை போன ஓர் இலக்கணப் புத்தகம்தான் வாத்தியார். தமிழில் ‘அதைவிடக் கனமான மூட்டை’ என்கிறோம்; ‘கனமான’ அப்படியே இருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கே வால் முளைக்கும். கிராவிஸ் என்றால் கனமான, கிராவியோர் என்றால் இன்னும் கனமான. ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் அந்த வால்தான். இரண்டிலும் சேராத சொல்லுக்கு கிராவியுஸ். நம்முடைய ‘விட’வுக்கு அங்கே குவாம். மூட்டை இறங்க இறங்க முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன்.

“ஏலே, பூசைல சொல்லுத பாஷைய மூட்டைகிட்ட சொல்லுதியே, அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்பார் சுமை தூக்கும் அண்ணாச்சி ஒருவர்.

பரீட்சை காலையில், பங்குச் சாமியார் வீட்டில். அண்ணனுக்காகப் பூசை கேட்க மதினியும் கூடவே வந்து, கதவோரம் நின்றாள். சாமியார் ஆற்றங்கரை வயல் ஊர்க்காரர், எங்கள் வழக்கம் அறியாதவர். கேட்ட சொற்களுக்கெல்லாம் வால் ஒட்டிக்காட்டினேன். தலையாட்டினார்.

“சரி, ஒரு வாக்கியம். ‘என் அண்ணன் என்னைவிடப் பலசாலி.’ லத்தீன்ல சொல்லு.”

வாலிதியோர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

“வேற வாக்கியம் குடுங்க சாமி.”

“பரீட்சைல பேரம் பேசுதியா? மத்தியான ரயில்ல குருமடத்துக்குப் பேரு போகணும். சொல்லு.”

காரணத்தைச் சொல்லப்போனால் மூடநம்பிக்கை என்று அதட்டுவார். குருமடத்துக்கு நான் லாயக்கில்லை என்றும் முடித்துவிடுவார்.

“சொல்லு தம்பி, ஒண்ணும் ஆவாது” என்றாள் மதினி. குரல் திடமாகத்தான் இருந்தது. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தன.

“தெரியல சாமி” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார்.

கடற்கரைச் சாலையில் வீட்டுக்கு நடந்தோம். “சாமிகிட்டயே பொய் சொல்லிட்டியே” என்றாள் மதினி. “ஆமா மதினி.” கடல் பக்கம் இரண்டு பேருமே திரும்பவில்லை.

மூன்றாம் நாள் தோணி வந்தது. பாய் கிழிந்து மன்னார்ப் பக்கம் ஒதுங்கிக் கிடந்ததாம். குருமடம் கைவிட்டுப்போன கதையைச் சோற்றின் முன் உட்கார்ந்து கேட்ட அண்ணன், பிசைந்த கையோடு தலையில் அடித்துக்கொண்டான்.

“கிறுக்குப் பயலே! காத்துக்கு லத்தீன் தெரியுமால?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதினி சிரிக்கவில்லை. அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, “தெரியாதுன்னு உமக்கு யாரு சொன்னா?” என்றாள்.