சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஒரு பிராது

விருத்தாசலத்தில் சாமிதுரை முதலாளியின் பீங்கான் கம்பெனியில், சூளையை அடுக்கும் நாளன்று விடிந்ததும் முதல் வேலை கோடு கிழிப்பதுதான். மேஸ்திரி கோவிந்தராசு ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்து, சூளைக் கொட்டகையின் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வெள்ளையாக ஒன்று இழுத்துவிடுவார். அதைத் தாண்டிப் பெண்கள் கால் வைக்கக்கூடாது. காய்ந்த பொம்மைகளைப் பலகையில் ஏற்றித் தலையில் சுமந்துவரும் பெண்கள் கோட்டருகே வந்து நிற்பார்கள். உள்ளிருந்து ஓர் ஆண் வந்து பலகையை வாங்கிக்கொள்வான். அவன் பீடியைக் குடித்து முடிக்கும்வரை கழுத்து நோக நிற்கவேண்டியதுதான்.

கணவன் இறந்த ஆண்டில் வேலைக்கு வந்த கொளஞ்சி, அந்த இடத்தில் நின்றே இளமையைக் கழித்தவள். நிற்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. ஐப்பசி மழைதான் பெரிது. மழை பிடித்தால் மண் காயாது. அச்சு வேலை நின்றுவிடும். பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பே காய்ந்து சேர்ந்திருக்கும் பொம்மைகளைச் சுடுவதற்காகச் சூளைக்காரர்களுக்கு மட்டும் அடைமழையிலும் வேலை உண்டு. ஆகவே, மழைக்காலந்தோறும் மகள் கனகாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் திட்டக்குடியிலுள்ள அண்ணன் வீட்டில் விட்டுவருவாள். சென்ற முறை அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “அடுத்த தடவ கொண்டாந்து வுட்டா, இங்கயே ஒரு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சிடுவேன்.” கனகா அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

அது 1975ஆம் ஆண்டு. உலக மகளிர் ஆண்டு என்று வானொலி நாள்தோறும் முழங்கியது. முதலாளியும் தம் பங்குக்குக் கம்பெனியில் ஒரு விழா நடத்தினார். கடலூரிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர், உலகெங்கும் பெண்கள் சம உரிமை கேட்டு எழுந்துவிட்டார்கள் என்றும், விமானத்தையே ஓட்டுகிறார்கள் என்றும் அழகாகப் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் கொளஞ்சி எழுந்தாள்.

“அம்மா பேசுனது நல்லா இருந்துச்சிங்க. அங்க ஏரோப்பிளானே ஓட்டுறாங்க. இங்க எங்கள ஒரு கோட்டைத் தாண்ட வுட மாட்டேங்கிறாங்க. மொதலாளி, புதுசா கட்டுற சூளையில எனக்கு அடுக்குற வேலை குடுங்க.”

முதலாளி அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார். “பாக்கலாம், பாக்கலாம்” என்றார்.

அம்மையாரின் கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், மேஸ்திரி பாய்ந்து வந்தார். “பொம்பள காலு பட்டா சூளை வெடிக்கும். அந்த வருசம் வெடிச்சது மறந்துபோச்சா?”

கொளஞ்சியின் கூட்டாளி பாஞ்சாலைக்கு நாக்கு எப்போதும் கூர்மை. “அந்த வருசம் ஈரப் பொம்மைய உள்ள அடுக்குனது யாரு? நாங்களா, ஒங்க மச்சானா?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. “இது சாமி விசயம். என்னைய என்னா கேக்குறீங்க? முடிஞ்சா சாமிகிட்ட போய்க் கேளுங்க!”

“கேட்டா போச்சு” என்றாள் கொளஞ்சி.

மனிதர்களிடம் நியாயம் கிடைக்காதவர்கள், மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்த் தங்கள் வழக்கைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுவது அந்த வட்டாரத்து வழக்கம். வழக்குத் தீர்ந்தபின் மீண்டும் போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும். அதுவரை எதிராளிக்குத் தூக்கம் வராது. அந்தச் சாமியின் பெயரையே தாங்கிய கொளஞ்சி, அடுத்த விடுமுறையன்று பாஞ்சாலையோடும் வேறிரு பெண்களோடும் அங்கே போனாள்.

“மேஸ்திரி பேர எழுதுடி. அப்பன் பேரோட எழுது. வேற எந்தக் கோவிந்தராசு மேலயாவது வுழுந்துடப் போவுது” என்றாள் பாஞ்சாலை.

கொளஞ்சி சிறிது யோசித்தாள். “அவரு போனா இன்னொருத்தரு வந்து கிழிப்பாரு. மனுசன் மேல வேணாம். கோட்டு மேலயே எழுதுவோம்.”

ஐந்தாம் வகுப்புவரை படித்த கையினால் அவள் எழுதினாள்: ‘சூளை வாசலில் உள்ள வெள்ளைக்கோடு எங்கள் பிழைப்பை மறிக்கிறது. சாமி விசாரிக்கவும்.’ நால்வரும் பெயரிட்டார்கள். பூசாரி அதைச் சுவாமியின் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுக்க, அந்தக் கோயிலிலேயே உள்ள காவல் தெய்வமான முனியப்பரின் சூலத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். மறுநாளே கம்பெனி முழுவதும் கேட்கும்படி அதைச் சொல்லியும்விட்டார்கள். ஆண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கோட்டின்மேல் பிராது கட்டிய கதையை யாராவது கேட்டதுண்டா?

புதுச் சூளையை முதன்முதலாக அடுக்கும் நாள் வந்தது. மேஸ்திரி வாளியை எடுத்தார்; குனிந்தார்; நிமிர்ந்தார்.

“டேய் தனக்கோடி, நீ போடுடா.”

சூளையில் அடுக்கும் தனக்கோடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “நானாண்ணே? கோட்டு மேல பிராது இருக்குது. போடறவன்தான குத்தவாளி ஆவான்? எம் பொண்டாட்டி முழுவாம இருக்கா. நீங்களே போடுங்க.”

“எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சிடா.”

இருவரும் முதலாளியை அழைத்துவந்தார்கள். அவர் வாளியைத் தொடாமலே எட்டி நின்று பார்த்தார். “கம்பெனி என்னுது. ஆனா கோடு ஒன்னுது, கோவிந்தராசு.”

“எடம் ஒங்களுதுங்களே, மொதலாளி!”

தலையில் பலகைகளோடு வரிசையில் நின்ற பெண்களுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. “சீக்கிரம் யாராவது போடுங்கப்பா, கழுத்து வலிக்குது!” என்று பாஞ்சாலை கூவினாள்.

ஒருவரும் வாளியைத் தொடவில்லை. கொளஞ்சி தரையைப் பார்த்தாள், வெறும் மண். “கோடு இல்ல. அப்ப வழி வுடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். அவள் பின்னால் பிராதில் பெயரிட்ட மற்ற மூவரும் நடந்தார்கள். சுடுமண் பெட்டிகளுக்குள் பொம்மைகளை ஒன்றோடொன்று உரசாமல் வைத்து, பெட்டியின்மேல் பெட்டியாகச் சூளையின் வளைவுவரை அவர்களே அடுக்கி முடித்தார்கள்.

சூளை எரிந்து ஆறும்வரை கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெட்டி சரிந்திருந்தாலும் பழி பெண்களின் காலின்மேல்தான் விழும். பிறகு எந்தச் சாமியாலும் அந்தக் கோட்டை அழிக்கமுடியாது.

சூளை வாயைப் பிரித்ததும் மேஸ்திரிதான் முதலில் நுழைந்தார். ஒரு மயில் பொம்மையை எடுத்து நகத்தால் தட்டினார். கணீரென்றது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் கணீரென்றது. பிள்ளையார், கிளி, குதிரை என்று கைக்கு வந்ததையெல்லாம் தட்டிக்கொண்டே போனார். வெளியே வந்தவர் கொளஞ்சியின் முகத்தைப் பார்க்காமல், “அடுத்த அடுக்குக்கு வெள்ளனவே வந்துடு” என்றார்.

பெண்கள் ஆரவாரம் செய்த சத்தத்தில் முதலாளி அலுவலகத்திலிருந்து ஓடிவந்தார். “நல்லதா போச்சு. பிராத எடுத்துடும்மா, கொளஞ்சி” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“நாலு பேரையும் சூளை வேலையில சேத்துட்டேன்னு சொல்லுங்க மொதலாளி. இப்பவே போயி எடுத்துட்டு வரோம்.”

முதலாளி நால்வரையும் சேர்த்தார். பிராதைத் திரும்பப் பெற்ற அன்று பொங்கல் வைத்தார்கள். மேஸ்திரியும் வந்திருந்து இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கனகா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். தாய் சூளைக்குப் போனாள். திட்டக்குடிக்கு ஒரு சேதி மட்டும் போயிற்று: ‘மாப்பிள்ளை பார்க்கவேண்டாம்.’

அடுத்த ஆண்டு, வேறொரு கம்பெனிப் பெண்கள் கூட்டமாக அவளைத் தேடி வந்தார்கள். “அக்கா, எங்க வாசல்லயும் கோடு இருக்குது. பிராது எப்பிடி எழுதணும், சொல்லுங்க.”

கொளஞ்சி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். “மொதல்ல ஒங்க மொதலாளிகிட்ட போயி, கொளஞ்சி சொல்லிக் குடுக்கப் போறான்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கும் மசியலன்னா வாங்க, நானே கூட வரேன்.”

அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு அங்கே சூளை அடுக்கவே நேரம் சரியாக இருந்தது.