பூட்டுக்காரம்மா

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அந்த அம்மா மேசை மேசையாகப் போய், கீபோர்டுகளைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டே வருகிறார். ஆறாவது மேசையில் ஒரு மஞ்சள் சீட்டு அகப்படுகிறது. பிள்ளையின் பெயர், பிறந்த வருடம். கடவுச்சொல்லாம்! அதை நான்காக மடித்து ஓர் உறைக்குள் போடுகிறார். மறுநாள் காலை உரியவரின் காதருகே போய், "உங்க வீட்டுச் சாவி வாசல்லயே கெடந்துச்சு. மாத்திடுங்க" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. மேலிடத்தில் போட்டுக்கொடுத்ததும் கிடையாது.

தீயணைப்புக் குழாயின் முனையில் பொருத்தும் பித்தளைத் தலைகளைச் செய்கிற தொழிற்சாலை அது. கணினிகளைக் காப்பது அவர் வேலை. வரைபடம், கடிதம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து வைத்திருக்கிறார். உரியவர் தவிர வேறு யார் திறந்தாலும் வெறும் கிறுக்கல்தான் தெரியும். அதனால் ஆலை முழுக்க அவர் பூட்டுக்காரம்மா.

பேருந்தில் யாராவது அலுவலகக் கதை பேச ஆரம்பித்தால் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார். வீட்டிலும் அப்படித்தான். "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கணவர் கேட்டால், "ஃபேன் சுத்துச்சு" என்பார். "அம்மா வாயைப் பூட்டிட்டுச் சாவிய முழுங்கிட்டாங்கப்பா" என்று மகள் சிரிப்பாள்.

போன வருடம் அந்த வாய் திறக்க வேண்டியதாயிற்று.

ஒரே கையால் திருப்பினால் தண்ணீர் பீய்ச்சலிலிருந்து தூவலுக்கு மாறும் புதுத் தலை ஒன்றை, ஆலையின் வரைவாளர் இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து வரைந்திருந்தார். அது சந்தைக்கு வருமுன்பே போட்டிக் கம்பெனி கிட்டத்தட்ட அதையே கொண்டுவந்து நிறுத்தியது. முதலாளிக்குக் கண்மண் தெரியாத கோபம். படத்தை விற்றது வரைவாளர்தான் என்று அவரைக் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ண அனுப்பிவிட்டு, பூட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"எல்லார் பூட்டையும் தொறக்குற ஒரே சாவி எனக்கு வேணும். என் டிராயர்ல இருக்கணும்."

"அப்போ திருடன் அம்பது பூட்டை உடைக்க வேண்டாம் சார். உங்க டிராயரை இழுத்தாப் போதும்."

"நான் முதலாளிம்மா!"

"அதனாலதான் சார், முதல்ல உங்க டிராயரைத்தான் இழுப்பான்."

வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் வெளியே வந்தார். தண்ணீர்க் குழாயடியில் வரைவாளர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் கிடங்குத் தூசி. "நீயும் நான்தான்னு நெனைக்கிறியாம்மா?"

"நெனைக்கிறது என் வேலையில்ல அண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் முகம் சுருங்கியது. ஆனாலும் பார்க்காததைச் சொல்ல பூட்டுக்காரம்மாவுக்கு வராது.

யார் எந்தப் படத்தை எப்போது திறந்தார்கள் என்று காட்டும் கணினிப் பதிவேடுகளில் மூன்று நாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். போட்டிக் கம்பெனிப் பொருளில் ஒன்றை வாங்கிவரச் சொல்லிக் கழற்றிப் பார்த்தார். உள்வளையத்தில் எட்டுத் துளை. வரைவாளரின் படங்களில் என்றைக்கும் பன்னிரண்டுதான். எட்டு இருந்தது முதலாளியிடம் இருந்த ஒரே ஒரு பிரதியில். தொழில் கண்காட்சிக்குக் கிளம்பிய அன்று, பெரிய தாளில் அச்சிடும்போது பளிச்சென்று தெரியட்டும் என்று முதலாளி தானே குறைத்தது அது. பூட்டையும் நீக்கி, பென்டிரைவில் போட்டு எடுத்துப் போயிருந்தார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அந்த வளையத்தை முதலாளியின் மேசைமேல் வைத்தார்.

"எங்க சார் பிரிண்ட் போட்டீங்க?"

"கண்காட்சி மண்டபத்துக்கு எதிர்ல... ஒரு கடையில." முதலாளி துளைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அந்தக் கடைக்காரனா?"

"அது தெரியல சார். தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன்கிட்டேருந்து போகல."

முதலாளி வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிடங்கை நோக்கி நடந்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று பூட்டுக்காரம்மா கேட்கவில்லை. மதியம் வரைவாளர் தன் பழைய நாற்காலியில் இருந்தார்.

மறுவாரம் முதலாளியே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். "நீங்களே நல்ல கடவுச்சொல்லா ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்கம்மா. உங்கள நம்பாம வேற யார நம்புறது?"

பூட்டுக்காரம்மா கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்களே அடிங்க சார்" என்று எழுந்துபோய், விசைகளின் சத்தம் ஓயும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார்.