தரை பார்த்துச் சேர்த்த பள்ளி

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் 'தரை' என்றுதான் பெயர். "தரை வந்தாச்சா?", "தரை சாப்பிட்டுச்சா?" என்று அவர் காதுபடவே பேசிக்கொள்வோம். அவரும் சிரிப்பார். மரத்தரை போடுவது அவர் தொழில். இருபது வருடமாக முட்டி போட்டு இரண்டு முழங்காலும் காய்த்துப் போயிருக்கின்றன. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பார், பிறகுதான் "நல்லா இருக்கீங்களா" என்பார். மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டுகிறாள். இந்த மனிதர், "சிஸ்டர், கட்டிலுக்குக் கீழ மூணாவது கல்லு ஆடுது, யாராச்சும் தடுக்கி விழப்போறாங்க" என்கிறார். பிரசவ வலியைக்கூட மறந்துவிட்டேன், அதை மறக்க மாட்டேன் என்பாள் அக்கா.

இதையெல்லாம் கை கால் ஆட்டி நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தவள் நான். போன மாதம் நடந்ததற்குப் பிறகு எனக்கு அந்தக் கதை எதுவும் வாயில் வரவில்லை.

அன்று பிறந்தவளுக்கு இப்போது எட்டு வயது. வாலு என்று கூப்பிடுவோம், அவ்வளவு சேட்டை. அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாலே நடனக் குழு வந்து ஆடிவிட்டுப் போனது. அன்றிலிருந்து நடப்பதையே விட்டுவிட்டாள். குளியலறைக்குச் சுழன்றுகொண்டே போவாள். நுனிக்காலில் நின்று பல் தேய்ப்பாள். பாலே கற்றுக்கொண்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், நிஜமாகவே ஒற்றைக்காலில். அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் மாறி மாறி ஷிப்ட் என்பதால் பள்ளி பார்க்கும் பொறுப்பு அத்தான் தலையில் விழுந்தது. துணைக்கு நான். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற எனக்குச் சனிக்கிழமை லீவு.

முதல் பள்ளி ஒரு சோபா கடையின் மாடியில் இருந்தது. அத்தான் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, குதிகாலால் ஒரு மிதி மிதித்தார்.

"வா போலாம்" என்றார்.

"டீச்சர்கிட்ட பேச வேணாமா அத்தான்?"

"காங்கிரீட் மேல டைல்ஸ். இதுல புள்ளைங்க குதிச்சா இருபது வயசுல முட்டி போயிடும். பேச என்ன இருக்கு?"

அது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடம். டீச்சர் குண்டாக, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, பாட்டுக்கு நடுவே தும்மிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தப்பாக ஆடினால் அவரே முதலில் சிரித்தார். ஒரு பெண் ஆட்டத்தின் நடுவில் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. வாலு அதற்குள் யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டாள். அத்தான் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூலை மூலையாக அழுத்திப் பார்த்தார். பலகை கிரீச்சிட்டது. கால் வழுக்காமல் இருக்க மேலே விரித்திருந்த ஷீட்டில் நாலு இடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

"தரையை இப்படி வச்சிருக்கிறவங்க புள்ளைய எப்படிப் பாத்துப்பாங்க?" என்று என்னையே மடக்கினார். அவர் தொழில் தெரிந்தவர், நான் டோக்கன் கொடுக்கிறவள். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது பள்ளியில் அத்தான் தரையில் படுத்தேவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நடுக்கூடத்தில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் வைத்துத் தட்டிக் கேட்டார். எழுந்தபோது கண்ணே கலங்கியிருந்தது. "கீழ ரப்பர் கட்டை, அது மேல ரெண்டு அடுக்குப் பலகை, அது மேல ஷீட்டு. குதிச்சா தாங்கிக்கும், திருப்பிக் கொடுக்கும். இந்த மாதிரி ஒண்ணு நான்கூடப் போட்டதில்லம்மா" என்றார். மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. டீச்சர் ஒட்டடைக்குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. இரண்டு மணி நேர வகுப்பு என்றார். பெற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார். கதவுக் கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

"ஏன் அத்தான் உள்ள விட மாட்டாங்களாம்?" என்று படியிறங்கும்போது கேட்டேன்.

"பின்ன? ஆளாளுக்கு ஷூவோட ஏறுவாங்க. ஷீட்டுல மண்ணு ஏறினா போச்சு. தரையோட அருமை தெரிஞ்ச அம்மா அவங்க."

உலகத்தில் வேறு எந்தத் தகப்பனுக்கும் இப்படி ஒரு காரணம் தோன்றியிருக்காது. அன்றே சேர்த்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளுக்கு ஒரே பாடம். "அது சாதாரண தரை இல்ல கண்ணு. தண்ணி சிந்தக்கூடாது, நகம் படக்கூடாது. அதுக்கு ஒண்ணுன்னா அப்பாவுக்கு மனசு தாங்காது." அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

ஐந்து மாதம் போனது. வாலுவின் வால் சுருங்கியது. சனிக்கிழமை என்றால் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். பாலைத் தொட மாட்டாள். "தாகமே இல்ல" என்பாள், உதடு வெடித்திருக்கும். அத்தான் பூரித்துப்போனார். "பாத்தியா, உடம்ப லேசா வச்சுக்கிறா. கட்டுப்பாடு வந்துடுச்சு" என்றார். நான் வேறு, "எங்க வீட்டு ஒட்டகம்" என்று அவளைக் கிண்டல் செய்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இரண்டு முறை வயிற்று வலி என்று அழுதாள். பள்ளிக்குப் போகாமல் இருக்க எல்லாப் பிள்ளையும் சொல்வதுதானே என்று தூக்கி வண்டியில் உட்கார வைத்ததும் நான்தான்.

போன மாதம் அந்த டீச்சரே அத்தானுக்குப் போன் செய்தார். கூடத்தின் பின்மூலையில் தரை உப்பிக்கொண்டு வருகிறது, வகுப்புக்கு அரை மணி முன்னால் வந்து பார்க்க முடியுமா என்று. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, புது உளி. மூவரும் போனோம். வாலுவை வெளியே உடை மாற்றும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நானும் அவரும் உள்ளே போனோம்.

மூலையில் ஒரு முறம் அளவுக்குத் தரை மேடு தட்டியிருந்தது. அத்தான் மேலே பார்த்தார், கூரையில் கறை இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. "இந்தப் பக்கம் குழாய் ஏதும் போகுதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றார் டீச்சர். அத்தான் ஷீட்டின் இணைப்பை உளியால் மெல்லக் கிளப்பினார். அடியில் பலகை கறுத்து, ஊறி, அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. குப்பென்று ஒரு வாடை அடித்தது. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய் வளர்க்கும் வீடுகளில் எத்தனை தரை பெயர்த்திருப்பார், அவருக்கு அந்த வாடை தெரியும்.

"இங்க நாய் ஏதாவது வருதாங்க?"

"நாயா? என்ன சார் நீங்க. புள்ளைங்கதான்."

என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அத்தானுக்கும் அப்படித்தான். "புரியலைங்க" என்றார்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அதே தணிந்த குரலில் சொன்னார். "தப்பா ஆடுறவங்க அந்த மூலையில நிக்கணும். வகுப்பு முடியற வரைக்கும் யாரையும் வெளிய விடறதில்ல, பாத்ரூமுக்கும்தான். உடம்ப அடக்கத் தெரியாதவளுக்கு ஆட்டம் வராது. சின்னதுங்க சிலது அங்கயே போயிடும். அதுங்களையே துடைக்க வச்சிடுவேன். வருஷக் கணக்குல இணைப்பு வழியா உள்ள இறங்கியிருக்கு. அதான் உங்களக் கூப்பிட்டேன். எதுவும் உள்ள இறங்காத மாதிரி ஏதாவது பூசித் தர முடியுமா?"

பூச முடியுமாம்! வருஷக் கணக்கில் எத்தனை பிள்ளைகள்! அந்த ஷீட்டின் மேல் இரண்டு இடம் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது, அருகருகே, சின்னப் பாதம் நிற்கிற இடைவெளியில். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தாள் ஒட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் போனில் புடவை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தான் முட்டி போட்டபடியே இருந்தார்.

அப்போது கதவு திறந்தது. வாலு, இளஞ்சிவப்பு உடையில், முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அந்த மூலையில் முட்டி போட்டிருப்பதையும் ஷீட்டு கிளம்பியிருப்பதையும் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, நான் ரெண்டே தடவதான்பா" என்றாள். "உடனே துடைச்சிட்டேன். என் சாக்ஸ் ரெண்டையும் வச்சு நல்லா அழுத்தித் துடைச்சேன்பா. அது உள்ள எறங்கும்னு எனக்குத் தெரியாது. தரை போயிடுச்சாப்பா?"

இருபது வருடம் முட்டி போட்ட மனிதர், எழுந்திருக்க முடியாமல் இரண்டு கையையும் ஊன்றினார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே காது அடைத்தது. அத்தான் மகளிடம் போய் நின்றார்.

"தரை கெடக்குது கழுத" என்றார். அவள் தலையில் கையை வைத்தார்.

வாலு அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். டீச்சரை ஒரு முறை பார்த்தாள். பிறகு, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"அப்படின்னா நான் இப்ப பாத்ரூம் போயிட்டு வரட்டுமாப்பா?"