பொட்டுக்குள் எரிந்த விளக்கு

போன புதன்கிழமை என் காரைப் பாடம் நடத்தக் கொடுத்தேன்.

ஆமாம், பாடம் நடத்தத்தான். எங்கள் மலை ஊரில், மூஞ்சிக்கல்லுக்குக் கீழே மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மாயாண்டி காலையிலேயே போன் பண்ணிவிட்டார். "சார், திண்டுக்கல்லுல இருந்து ஒரு டீச்சர் வந்திருக்காங்க. வண்டிப் புகை சம்பந்தமா மூணு நாள் கிளாஸு. செக் பண்ணிப் பழக வண்டி வேணுமாம். உங்க காரக் கொண்டாங்க... அதுல இல்லாத வியாதியே இல்லைல்ல?"

பதினைந்து வருடமாக என் காருக்கு வைத்தியம் பார்க்கிறவர். உரிமை இருக்கிறது, பேசுகிறார்!

மாயாண்டிக்கு ஐம்பது வயது. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைப்பார். கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரை பெஞ்சில் உட்கார வைத்துப் பாடமா?

உட்கார்ந்திருந்தார். அவரோடு இன்னும் ஏழு மெக்கானிக்குகள், மடியில் ஆளுக்கொரு நோட்டு. எதிரே டீச்சர் கவிதா. முப்பது வயதிருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். கையில் ஒரு ஸ்கேனர். அதன் ஒயரை வண்டியில் சொருகினால், எங்கே கோளாறு என்று ஸ்கிரீனில் வந்துவிடுமாம்.

"என்கிட்ட வண்டிங்க ஒயரு இல்லாமலே பேசும் சார்" என்று என் காதில் முணுமுணுத்தார் மாயாண்டி.

என் காரின் பேனட்டைத் திறக்கவில்லை, அதற்குள் ஒரு பிக்கப் வண்டி முக்கிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர் ரங்கசாமி. கூக்கால் கிராமத்தில் பூண்டு விவசாயம். முகம் செத்துப்போயிருந்தது.

"மாயாண்டி, வண்டி ஏற மாட்டேங்குது. ரெண்டாவது கியருக்கு மேல இழுக்கல. நாளைக்கு வடுகபட்டி சந்தை. என் பூண்டு, பக்கத்து நாலு வீட்டுப் பூண்டு, எல்லாம் மூட்டை கட்டிக் கெடக்கு. மழை வேற மிரட்டுது. மூட்டைக்குள்ள வேர்த்துச்சுன்னா அம்புட்டும் மொளச்சிரும்ப்பா!"

விஷயம் இதுதான். புது டீசல் வண்டிகளில், புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்க ஒரு பில்டர் உண்டு. வண்டி கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடினால், சூடேறி அந்தக் கரி தானே எரிந்துவிடும். கீழே நாலுவழிச் சாலையில் அது நடக்கும். நம் மலையில்? வளைவுக்கு ஒரு பிரேக், டூரிஸ்ட் வேனுக்கு ஒரு பிரேக். கரி சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் விட்டால், வண்டி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

"பில்டர உருவிப் போட்டுறவா? அரை மணி நேரச் சோலி" என்றார் மாயாண்டி மெதுவாக. ஏற்கெனவே மூன்று வண்டிகளுக்கு அப்படிச் செய்திருக்கிறார். எனக்குத் தெரியும்.

கவிதாவுக்குக் கேட்டுவிட்டது. "அண்ணே, உருவுனா வண்டி ஓடும். கரி எங்க போகும்? பின்னாடி வர்ற ஸ்கூல் வேன்ல இருக்கற பிள்ளைங்க மூக்குக்குள்ள! எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

ஸ்கேனரைச் சொருகினார். பில்டர் நிரம்பிக் கிடக்கிறது என்றது ஸ்கிரீன். எச்சரிக்கை விளக்கு எரிகிறது, எரிய ஆரம்பித்தபின் வண்டி ரொம்ப தூரம் ஓடியிருக்கிறது என்றும் சொன்னது.

"சத்தியமா எந்த லைட்டும் எரியலீங்க! தெனமும் மீட்டரத் தொட்டுக் கும்பிட்டுத்தானே வண்டிய எடுக்கேன்?" ரங்கசாமிக்குக் குரல் உடைந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மீட்டரில் முள் இருந்தது, எண் இருந்தது, சந்தனம் குங்குமம் இருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை.

"மிஷினு பொய் சொல்லுது டீச்சர்" என்றார் மாயாண்டி. கவிதாவின் முகம் சுருங்கிப்போனது. பாவம், முதல் நாளே!

பியூஸைப் பார்த்தார்கள். ஒயரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் போனது. மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது, வழக்கம்போல கரண்டும் போனது. டீ வந்தது. நான் எப்போதும்போல "எனக்குச் சர்க்கரை தூக்கலா" என்றேன்.

ஷெட்டுக்குள் நல்ல இருட்டு. டீ கிளாஸோடு, சாவி போட்டபடியே நின்ற பிக்கப் பக்கம் போன மாயாண்டி அப்படியே நின்றுவிட்டார்.

மீட்டர் கண்ணாடியில் இருந்த பொட்டு எரிந்துகொண்டிருந்தது! குங்குமத்தைச் சுற்றி, சந்தனத்தின் விளிம்பில், மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

"முருகா!" என்றார் ஒரு மெக்கானிக். ரங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கையும் தானாகக் குவிந்தது.

கவிதாதான் முதலில் சுதாரித்தார். "அண்ணே... அதைத் தொடைங்க."

யாரும் அசையவில்லை. இன்ஜினையே அக்கக்காகப் பிரித்துப் போடுகிறவர்கள் எட்டுப் பேர். ஒரு பொட்டை அழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. சொன்ன கவிதாவும் கையை நீட்டவில்லையே!

"வண்டி வாங்குன அன்னிக்குப் பழனி அடிவாரத்துல பூசை போட்டப்ப வச்ச பொட்டுங்க" என்றார் ரங்கசாமி. "வெள்ளிக்கு வெள்ளி அதுமேலயே புதுசு வைப்பேன்."

மாயாண்டி போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். இந்தப் பதினைந்து வருடத்தில் நான் பார்க்காத காட்சி அது. சுத்தமான துணி ஒன்றை நனைத்து எடுத்து வந்தார். "தொடைக்கட்டா?" என்று ரங்கசாமியிடம் கேட்டார். அவர் தலையாட்டியதும், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்தார்.

உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் விளக்குகள்: ஒன்று பில்டருக்கு, ஒன்று இன்ஜினுக்கு. இரண்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

"மிஷினு பொய் சொல்லல டீச்சர்" என்றார் மாயாண்டி.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பில்டரையே மாத்தணும். இப்ப எரிச்சிரலாம், வாங்க" என்றார் கவிதா.

வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, பின்னால் கிடந்த சாக்கு, சருகையெல்லாம் அகற்றினார்கள். கவிதா ஸ்கேனரில் உத்தரவு கொடுத்ததும், மிதிக்க ஆளில்லாமலே இன்ஜின் உறுமியது. அனல் வீசியது. ஸ்கிரீனில் கரி அளவு இறங்க ஆரம்பித்தது. மாயாண்டி ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் இருக்கும்.

"மூச்சு லேசாயிருச்சு டீச்சர்."

கவிதா ஸ்கிரீனைப் பார்த்தார். "ஆமாண்ணே... இப்பத்தான் முடிஞ்சுது!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"மூணு வண்டிக்கு உருவிட்டேன் டீச்சர். இப்பிடி எரிக்கலாம்னு தெரியாமப் போச்சு" என்றார் மாயாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்குத்தானே அண்ணே கிளாஸு?"

மறுநாள் காலை வடுகபட்டியிலிருந்து ரங்கசாமியின் போன். "வெள்ளனே வந்துட்டேன், மூட்டை பூராவும் எறக்கியாச்சு!" மாயாண்டி முதலில் கேட்டது இதைத்தான்: "பொட்டு எங்க வச்சீங்க?" ஸ்டீயரிங் நடுவிலாம். நிம்மதி!

ரங்கசாமியைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை? நாம் எல்லோருமே எதையாவது எதன் பின்னாலாவது மறைத்துவைத்துக்கொண்டுதானே வண்டி ஓட்டுகிறோம்? மூன்று மாதத்துக்கு முன் எடுத்த என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கள் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பத்திரமாக... கவரைப் பிரிக்காமல்.

அன்று சாயங்காலம் மாயாண்டி மாதிரியே சோப்புப் போட்டுக் கை கழுவினேன். படத்தை மெல்ல நகர்த்தினேன். கவரைப் பிரித்தேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து என் டீயில் சர்க்கரை இல்லை.